மூச்சின் சான்றும் புகையின் இடைச்செருகலும்

மக்கள் உடம்பினின்று இரவும் பகலும் ஓயாது வெளிப்படுவது மூச்சு. உணவின்றிப் பல நாளும், நீரின்றிச் சில நாளும் உயிர் தாங்குதல் கூடும். மூச்சின்றிச் சில நிமிடமேனும் தாங்குதல் அரிது. இதனாலன்றோ நம் முன்னோர் மூச்சினை 'உயிர்ப்பு' என்னும் பெயராலும் வழங்கினர்! இவ்வுயிர்ப்பு உயிரைத் தாங்குவதோடு அமையாது, உடம்பின் அகத்தே நிகழ்வனவற்றைப் புறத்தார்க்கு அறிவிக்கும் தூதாகவும் விளங்குகின்றது. நீரிழிவு முற்றியோரது மூச்சில் பழுத்த கனியின் மணத்தை ஒத்ததொரு மணம் வீசுதலையும், ஈரல் கெட்டோரது மூச்சில் வேறொரு நாற்றம் வீசுதலையும் பழைய மருத்துவர் தம் மூக்கினாலேயே அறிந்தனர். அவர் மூக்கினாற் செய்ததை இக்காலத்தார் கருவியினாற் செய்ய முயல்கின்றனர். அம்முயற்சிக்கு மூச்சாராய்ச்சி என்று பெயர்.

இவ்வாராய்ச்சியில் எழுந்துள்ள சிக்கலொன்றனைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தேன். நாட்பட்ட நுரையீரல் நோயாளரின் மூச்சை ஆராயுங்கால், அவர் உட்கொண்ட புகையிலைப் புகை அம்மூச்சிற் கலந்துநின்று ஆராய்வோரை மயக்குகின்றது என்பதே அச்சிக்கல். தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், அவர்க்கு யான் கூறும் விடை இது: ஏட்டுச்சுவடியில் நூலாசிரியர் வாக்கு எது, பிறர் இடைச்செருகியது எது என்று பிரித்தறிதல் எம் கல்வியில் ஒரு பெரும்பகுதி. மூச்சும் ஒரு சுவடியே. சுவடியைப் படிக்கும் முன் அது வந்த வழியை விசாரித்தல் எங்ஙனம் கடமையோ, அங்ஙனமே மூச்சைப் படிக்கும் முன் புகையை விசாரித்தலும் கடமை என்பது என் கருத்து. அவ்விசாரணை நோயாளியை நாணச் செய்யாத முறையில் நிகழவேண்டும் என்பது அதனோடு பிரிக்கலாகாத மற்றொரு கருத்து.

முதற்கண் மூச்சில் உள்ளன எவை என்பதைச் சுருங்கக் கூறுவேன். நாம் வெளிவிடும் மூச்சில், நீராவியை நீக்கிப் பார்த்தால், 100 பங்கில் ஏறக்குறைய 78 பங்கு நைட்ரஜன். 16 பங்கு பிராணவாயு. 4 அல்லது 5 பங்கு கரியமிலவாயு. எஞ்சிய சிறு பகுதியிலேதான் நோயின் செய்தி மறைந்திருக்கின்றது. 1846-ஆம் ஆண்டில் ஜான் ஹட்சின்ஸன் என்னும் ஆங்கில மருத்துவர் மூச்சின் அளவை அளக்கும் கருவியை வெளிப்படுத்தினார். அவர் அளந்தது மூச்சு எவ்வளவு என்பதையே. மூச்சில் என்ன என்பதையன்று. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞராகிய லைனஸ் பாலிங் என்பாரும் அவருடன் உழைத்தோரும் ஒருவனது மூச்சில் ஏறக்குறைய 250 வகை நுண்பொருள்கள் ஆவியாய் நிற்றலைக் காட்டினர். 1982-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்சாடு, டாட் என்னும் இருவர், பல உணர்கருவிகளை ஒருங்கு சேர்த்து மணங்களை வேறுபடுத்தி அறியும் 'மின்னணு மூக்கு' ஒன்றனை அமைத்துக் காட்டினர். இக்கருவி ஒரு பொருளின் பெயரைச் சொல்லுவதன்று. பல மணங்கள் கூடிய கோலத்தை மொத்தமாக நோக்கி, 'இம்மூச்சு முன்னர்க் கண்ட நோயாளர் மூச்சை ஒத்தது. அம்மூச்சு நலமுடையார் மூச்சை ஒத்தது' என்று மட்டுமே கூறும். இவ்வியல்பினை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனி நோயைப் பற்றிச் சில சொற்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மருத்துவர் சி.ஓ.பி.டி. என்று சுருக்கி வழங்குவர். மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்குதலும், நுரையீரலின் நுண்ணறைகள் சிதைந்து நெகிழ்ச்சி இழத்தலும் இந்நோயின் தன்மை. சிதைந்த அறைகள் மீண்டும் கட்டப்படுவன அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி 2021-ஆம் ஆண்டில் இந்நோயால் மாண்டோர் 35 இலட்சம் பேர். அவ்வாண்டில் உலகில் இறந்தோருள் 100-க்கு ஏறக்குறைய 5 பேர் இவர். இந்நோயை உறுதிசெய்யும் முறை, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உட்கொள்ளச் செய்தபின் நோயாளியைக் குழலொன்றில் முழு வலிமையோடு ஊதச் செய்தலாம். முதல் விநாடியில் வெளிவரும் காற்று, வெளிவரும் மொத்தக் காற்றில் 100-க்கு 70 பங்கிற்குக் குறையுமாயின் அடைப்பு உண்டு என்று துணிவர். முதுமையாலும் நோயாலும் தளர்ந்தோர்க்கு இங்ஙனம் ஊதுதல் பெருந்துன்பம். மேலும், இச்சோதனை அடைப்பு உண்டு என்பதைச் சொல்லுமேயன்றி, உள்ளே எரிகின்ற அழற்சி எத்தகையது என்பதைச் சொல்லாது. அமைதியாக விடும் மூச்சொன்றாலேயே நோயும் அதன் வகையும் விளங்குமாயின் அது எத்துணைப் பெரிய உதவி! மூச்சாராய்ச்சியின்மேல் அறிஞர் பேரவா கொண்டமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் இந்நோயை விளைப்பனவற்றுள் முதன்மையானது எதுவோ, அதுவே இந்நோயின் சான்றையும் கலைக்கின்றது. இதனை மூன்று எடுத்துக்காட்டுக்களால் விளக்குவேன்.

முதலாவது, நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு. மக்கள் மூச்சில் இவ்வாயு உண்டென்பதை 1991-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயில் மூச்சுக்குழாயின் ஒருவகை அழற்சியால் இவ்வாயு மிகுகின்றது. அவ்வழற்சி, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துக்குப் பெரும்பாலும் அடங்குவது. ஆதலின் இவ்வாயுவை அளந்து மருந்து பயன்படுமா என்று முன்னறிதல் இன்று பல மருத்துவமனைகளில் வழக்கம். 1 கோடிக் கோடிகளை எண்ணும் நுண்மையன்றாயினும், 100 கோடிப் பங்கில் சில பங்கு என்னும் அளவிலே இதனை எண்ணுகின்றனர். அமெரிக்க மார்புநோய்ச் சங்கத்தார் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிப்படி, வயதுவந்தோர்க்கு 100 கோடியில் 25 பங்கிற்குக் குறைந்தால் தாழ்வு. 50 பங்கிற்கு மிகுந்தால் உயர்வு. இனிப் புகை செய்வதைப் பாருங்கள். புகைப்பவரது மூச்சில் இவ்வாயு குறைந்துவிடுகின்றது. சிகரெட்டுப் புகையிலேயே இவ்வாயு மிகுதியாக இருத்தலால், வெளியிலிருந்து வருவதைக் கண்டு உடம்பு தன் உற்பத்தியை ஒடுக்கிக்கொள்ளுகின்றது என்று கருதப்படுகின்றது. காரணம் யாதாயினும் விளைவு இது: அடைப்பு நோயோடு ஆஸ்துமாவின் அழற்சியும் உடைய ஒருவர் புகைப்பவராயின், கருவி குறைந்த எண்ணையே காட்டும், புகையைக் குறித்து வினவாத மருத்துவர் 'இவர்க்கு அம்மருந்து வேண்டா' என்று கூறிவிடுதல் கூடும். இங்கே புகை செய்தது, சுவடியிலிருந்து சில அடிகளை அழித்தல்.

இரண்டாவது, கார்பன் மானாக்ஸைடு. இது இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேல் உறுதியாகப் பிணைந்துகொள்ளும் நச்சுவாயு. புகைப்பவர் மூச்சில் இது மிகுந்து காணப்படும். புகைத்து 4 அல்லது 5 மணி நேரம் கழிந்தால் ஏறக்குறையப் பாதியாகும். ஆதலின் புகைப்பழக்கத்தை விடுவிக்கும் நிலையங்களில், ஒருவர் மெய்யாகவே விட்டனரா என்று அறிய இதனை அளப்பர். ஆனால் நம் உடம்பும் இவ்வாயுவைச் சிறிதளவு உண்டாக்குகின்றது. அழற்சி மிகுந்தால் அவ்வுற்பத்தியும் மிகும். புகையை முற்றும் விட்டொழித்த அடைப்பு நோயாளரிடத்தும் நலமுடையாரினும் சற்று மிகுதியாக இது காணப்பட்டுள்ளது. எனவே, மூச்சில் இவ்வாயு மிகுந்திருக்கக் கண்டவிடத்து, அது நோயின் குரலா, காலையிற் குடித்த பீடியின் குரலா என்று கருவி தானே பிரித்துச் சொல்லாது. இங்கே புகை செய்தது, ஆசிரியர் எழுத்தைப் போன்ற எழுத்திலேயே புதிய அடிகளைச் சேர்த்தல்.

மூன்றாவது, ஆவியாகும் நுண்பொருள்கள். புகையிலைப் புகையில் 7000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுட் பல மூச்சின் வழியே திரும்ப வெளிவருகின்றன. பென்ஸீன், டொலுவீன், டைமெத்தில்பியூரான், அசிட்டோநைட்ரைல் என்பன அவற்றுட் சில. இவை மறையும் காலம் ஒரே தன்மையதன்று. பென்ஸீன் புகைத்த ஒரு மணி நேரத்திலேயே பெரிதும் தணிந்துவிடும். அசிட்டோநைட்ரைல் புகைக்காதோர் அளவிற்குத் தாழ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே, நேற்றுப் புகைத்தவர், இன்று காலை புகைத்தவர், சென்ற வாரம் விட்டவர் ஆகிய மூவர் மூச்சும் மூன்று வேறு சுவடிகள். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயாளியின் நிலையையும் நோயின் நிலையையும் கருதுவதோடு காலத்தையும் கருதிச் செய்தல் மருத்துவனுக்குக் கடன் என்று வற்புறுத்துகின்றார். அக்காலம் என்னும் சொல்லின் அருமை மூச்சாராய்ச்சியில் மணிக்கணக்காகவே விளங்குகின்றது.

இவற்றால் விளையும் பிழை சிறிதென்று எண்ணற்க. ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். புதியதோர் மின்னணு மூக்கைச் சோதிக்க, அடைப்பு நோயாளர் 100 பேரையும் நலமுடையார் 100 பேரையும் ஒருவர் திரட்டுகின்றார் என்க. நோயாளருள் 80 பேர் புகைப்பவர். நலமுடையாருள் 10 பேரே புகைப்பவர். அம்மூக்கு நோயைப் பற்றி யாதொன்றும் அறியாது, புகையை மட்டும் அறிவது என்றும் வைத்துக்கொள்வோம். அது புகைப்பவர் யாவரையும் நோயாளர் என்றும், புகைக்காதார் யாவரையும் நலமுடையார் என்றும் சொல்லும். நோயாளருள் 80 பேரையும் நலமுடையாருள் 90 பேரையும் சரியாகச் சொல்லியதாகும். 200-க்கு 170, அதாவது 100-க்கு 85! 'நோயை 100-க்கு 85 பங்கு சரியாக அறியும் கருவி' என்று பறையறையலாம். ஆனால் அது அறிந்தது நோயை அன்று. சட்டையில் வீசும் புகைநாற்றத்தால் எவரும் அறியத்தக்கதை அது பொருட்செலவோடு அறிந்தது.

இப்பிழையால் தீங்குறுவோர் யாவர்? எஞ்சிய 20 நோயாளரே. அவர் புகையிலையைத் தொடாதவர், ஆயினும் நோயுற்றவர். உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுமாறு, செல்வம் மிக்க நாடுகளில் இந்நோயாளருள் 100-க்கு 70 பேருக்கு மேற்பட்டவர்க்குப் புகையிலையே காரணம். வருவாய் குறைந்த நாடுகளிலும் இடைத்தரமான நாடுகளிலுமோ 100-க்கு 30 முதல் 40 பேருக்கே அது காரணம். ஆங்கு வீட்டினுள் எழும் அடுப்புப் புகை பெருங்காரணமாகின்றது. நம் நாடும் இவ்வகையினது. விறகும் வறட்டியும் எரித்துச் சன்னலில்லாச் சமையலறையில் நாற்பது ஆண்டு உழைத்த ஒரு தாயை நினைமின். அவர் படியேறினால் மூச்சு வாங்குகின்றது, இரவெல்லாம் இருமுகின்றார். செல்வ நாடொன்றில் புகைப்போர் மூச்சைக் கொண்டு பழக்கப்பட்ட கருவியை அவர்முன் வைத்தால், 'புகையிலை மணம் இல்லை. ஆதலின் நோய் இல்லை' என்று அது தீர்ப்புக் கூறுதல் கூடும். எவர் நோய் பல்லாண்டாக எவராலும் கவனிக்கப்படாது கிடந்ததோ, அவர் நோயைப் புதிய கருவியும் கவனியாது விடுமாயின், அக்கருவியால் அவர்க்கு ஆவதென்னை?

'அங்ஙனமாயின், புகைப்போரை விலக்கிப் புகைக்காதோரை மட்டும் ஆராய்க' என்பார் சிலர். அது பொருந்தாது. நோயுற்ற பின்னும் புகையை விடமாட்டாது தவிப்போர் பலர். அவரை விலக்கி அமைக்கும் சோதனை அவர்க்கே பயன்படாது. 'ஆராய்ச்சிக்கு முன் சிலநாள் புகையாதிருக்கச் செய்க' என்பார் வேறு சிலர். நைட்ரிக் ஆக்ஸைடை அளக்குமுன் ஒரு மணி நேரமேனும் புகைத்தலாகாது என்பது ஏற்கெனவே உள்ள விதி, அது வேண்டுவதே. ஆயினும் ஒரு மணி நேரத்தால் ஒழிவது புதிய புகை மட்டுமே. ஒருவாரம் நிற்பனவும், அதற்கு மேல் நிற்கும் மாறுதல்களும் அதனால் ஒழியா. நிக்கோடினுக்கு அடிமைப்பட்டவரை ஒரு வாரம் புகையாதிருக்க ஏவுதல் எளிது. அவர் இருத்தல் எளிதன்று.

'புகையால் வந்தவற்றைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டால் எஞ்சுவது நோய்' என்பார் மூன்றாமவர். இது கேட்பதற்கு இனிது. ஆனால் இந்நோயில் புகை, நூலுக்குப் புறம்பான கறையன்று. நோயை எழுதிய கைகளுள் ஒன்று. நெடுநாள் புகைத்தவரிடமே நோய் மிகுதலும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு புகையைக் கழித்தால், அதனோடு நோயின் அடையாளமும் கழிந்துபோம். ஏடெழுதினோன் கையைக் கண்டு அஞ்சி, ஐயமுற்ற அடிகளையெல்லாம் நீக்கிவிடும் பதிப்பாசிரியன் நூலாசிரியனுடைய நல்லடிகளையும் இழப்பன்.

பின்னர்ச் செய்யத்தக்கது யாது? நம் பதிப்பாசிரியர் செய்ததையே செய்க. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை வெளியிட்டபொழுது, ஒரு பிரதியை நம்பி அமையவில்லை. பல ஊர்ப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார். ஒரு பிரதியில் உள்ளது மற்றொன்றில் இல்லையாயின், அவ்வேறுபாடே வழிகாட்டும். மூச்சிலும் அங்ஙனமே நால்வகைப் பிரதிகள் வேண்டும்: நோயும் புகையும் உடையார், நோயுடையராய்ப் புகைக்காதார், நோயின்றிப் புகைப்பார், இரண்டும் இல்லார். நோயுடைய இருசாரார்க்கும் பொதுவாய், நோயற்ற இருசாராரிடத்தும் இல்லாதது எதுவோ, அதனையே நோயின் வாக்கு எனத் துணியலாம். இவர்களோடு புகையை விட்டொழித்த நோயாளரையும் சேர்த்தல் நன்று. புகை நின்ற பின்னும் இந்நோயாளர் மூச்சுக்குழாயில் அழற்சி நீடித்து நிற்பதுண்டு. ஆதலின் இடைச்செருகல் நீங்கிய பின்னும் மூலபாடம் எஞ்சிய சுவடி இவர் மூச்சு. சோதனை நிகழும் அறையின் காற்றையும் உடன் அளத்தல் வேண்டும். பென்ஸீன் முதலியன வீதியிலிருந்தும் வருவன ஆதலின். இம்முறையைக் கைக்கொண்ட ஆராய்ச்சிகளும் உள. அவை மிகுதல் வேண்டும். மிகும்வரை, 'மூச்சொன்றால் அடைப்பு நோயை அறிவோம்' என்று விற்போர் சொல்லை நாம் அளவோடு நம்புதல் வேண்டும்.

இவையாவும் ஒன்றனையே சார்ந்து நிற்கின்றன. நோயாளி உண்மை சொல்லவேண்டும். எத்துணைப் பீடி, எத்துணைச் சிகரெட், எத்துணை ஆண்டு, கடைசியாகக் குடித்தது எப்பொழுது, வீட்டில் எரிப்பது என்ன என்னும் வினாக்களுக்கு மெய்யான விடை வேண்டும். ஈண்டே நம் வழக்கம் குறுக்கே நிற்கின்றது. இருமிக்கொண்டு வரும் முதியவரைப் பார்த்து, பலர் கேட்க, 'இன்னும் குடிக்கிறீரா?' என்று சினந்து வினவினால் அவர் என் செய்வர்? 'விட்டுவிட்டேன், ஐயா' என்று தலைகுனிவர். அச்சொல் ஏட்டில் ஏறும். கருவியின் எண் அச்சொல்லைக் கொண்டே பொருள் கொள்ளப்படும். பிழையான மருந்து அவர் கைக்கு வரும். அவர் சொன்ன பொய்க்கு நாமும் உடந்தையல்லமோ? உமிழ்நீரிலும் இரத்தத்திலும் கோட்டினின் என்னும் பொருளை அளந்து புகைப்பழக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது மெய்யே. ஆனால் அதனைக் கள்வனைப் பிடிக்கும் கண்ணியாக வைத்தால், நோயாளி மருத்துவமனைக்கே வாரார். ஓய்வு நாழிகையில் ஒரு சுருளும், களைப்பில் ஒரு சுருளுமாக இளமையிலே தொடங்கிய பழக்கம் அது. அவர் தொடங்கிய நாளில் அதன் தீமையை அவர்க்கு எடுத்துரைத்தார் எவரும் இலர்.

இங்ஙனம் கூறுதலால், புகைத்தலை யான் எளிதாகக் கருதுவேன் என்று எவரும் கொள்ளற்க. 1977-ஆம் ஆண்டில் பிளெச்சர், பீட்டோ என்னும் இருவர் இலண்டன் நகரத்து ஆடவரைப் பல்லாண்டு ஆராய்ந்து வெளியிட்டது யாதெனின், புகையை விட்டவர் இழந்த மூச்சைத் திரும்பப் பெறார். ஆயினும் அதன்பின் இழக்கும் வேகம் புகைக்காதோர் அளவிற்குத் தணியும் என்பது. ஆதலின் விடுதல் எவ்வயதிலும் பயன் தரும். இதனை நோயாளிக்குச் சொல்லுக, அன்போடு சொல்லுக, ஆனால் உண்மையை வினவும் பொழுதையும் அறிவுரை கூறும் பொழுதையும் ஒன்றாக்கற்க. முன்னையதில் அவர் சான்று. பின்னையதில் அவர் நம் உதவியை நாடி வந்தவர். இரண்டிலும் அவர் குற்றவாளி அல்லர்.

நம் கலாசாலையினின்று மருத்துவத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் சென்ற அன்பர் பலர். செல்ல இருப்போரும் பலர். அவர்க்கு யான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. புதிய கருவி உங்கள் மேசைக்கு வரும் நாளில், அது எத்துணை நுண்மையாக அளக்கும் என்பதை வினவுமுன், அது எவர் மூச்சைக் கொண்டு பழக்கப்பட்டது என்பதை வினவுங்கள். புகைப்போர் எத்தனை பேர், அடுப்படியில் உழைத்த பெண்டிர் எத்தனை பேர் என்பதைக் கேளுங்கள். நோயாளி குழலை வாயில் வைக்குமுன், அவரைத் தனியே அமரச் செய்து, 'ஐயா, கடைசியாக எப்பொழுது குடித்தீர்கள்? எதுவாயினும் சொல்லுங்கள், சரியான மருந்து தருவதற்கே கேட்கிறேன்' என்று வினவுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடமும் இன்சொல்லுமே வேண்டும். அவ்விரண்டும் வாய்த்த பின்னரே, கருவி காட்டும் எண் நோயாளிக்குப் பயன்படும் எண்ணாகும்.